டோல்கேட்டில் இடிக்காத லாரி

போன வாரம் திருவொற்றியூர் பக்கம் டோல்கேட் சிக்னலைத் தாண்டிப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். சாலை ஓரத்தில் புதிதாக இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். மஞ்சளும் கறுப்பும் பூசி, பளபளவென்று. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் வேறு. கண்டெய்னர் லாரிகள் அந்த இடம் வந்ததும், ஹெட்மாஸ்டர் ரூமைத் தாண்டுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சத்தம் காட்டாமல் போகின்றன.

அந்தத் தடுப்பு வேண்டும் என்று எத்தனையோ பேர் எத்தனையோ காலமாக மனு கொடுத்தார்கள். வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. யாரால் தெரியுமா?

என் தம்பி மகன் பிரகாஷின் தொடை எலும்பால்.

லாரி இடித்து உடைந்த எலும்பு என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊரே அப்படித்தான் நினைத்தது. எந்த லாரியும் அவனைத் தொடக்கூட இல்லை. பிரகாஷைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் அம்மா தனத்தைக் கேட்கவில்லை. கேட்டால் எழுத விடமாட்டாள்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பக்கம் முடிக்க அரை நாள் ஆகும். நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

பிரகாஷுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. கப்பல் மேல் அடுக்கி வைத்திருக்கிற கண்டெய்னர்கள் சாயாமல் இருக்க, மேலே ஏறிக் கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பூனை மாதிரி ஏறுவான். குடி கிடையாது. பீடி, சிகரெட் கிடையாது. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வந்து ‘குடிக்காத பையன் வீடு எது’ என்று கேட்டால் கை காட்டுவார்கள்... அந்த அளவுக்கு.

அதைச் சொல்லித்தான் நான் அவனுக்குப் பெண் பேசினேன். பெண் பெயர் கீர்த்தனா. எர்ணாவூர். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அப்பா வேலாயுதம், எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் யூனியன் தலைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. காசிமேட்டில் மீன் ஏலம் கூவிய காலத்திலிருந்தே வாய்தான் என் சொத்து. நான் பேசி முடித்த சம்பந்தம் எதுவும் பாதியில் நின்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் பையன் காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தான்.

“இன்னாடா?” என்றேன்.

“முட்டி வலிக்குது அத்தே.”

முட்டிதானே? தைலம் தேய்த்தோம். கட்டுப் போடுகிறவரிடம் போய் முட்டை வாசனையோடு ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். முட்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். முட்டி ஜோராக இருந்தது. இருக்காதா பின்னே? கோளாறு இருந்தது அதற்கு மேல் மாடியில். வலி மட்டும் கீழ்வீட்டில் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டு, பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியாமல், சாப்பாட்டுக்குச் சப்பணம் போட முடியாமல் ஆன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். படுக்க வைத்துக் காலை மடக்கினார், திருப்பினார். பிரகாஷ் பல்லைக் கடித்தான். “முட்டி இல்லை, இடுப்பு மூட்டு” என்றார். ஸ்கேன் எடுத்த பிறகு கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

“தொடை எலும்புக்கு மேல பந்து மாதிரி ஒரு தலை இருக்கும்மா. அது இடுப்புக் குழியில உருள்றதாலதான் நாம நடக்கிறோம். இவருக்கு அந்தப் பந்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு போச்சு. எலும்பு செத்துக்கிட்டு இருக்கு.”

ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது எலும்பு மட்டும் எப்படிச் சாகும்? எனக்குப் புரியவில்லை. தனத்துக்கு அதைவிடப் புரியவில்லை. டாக்டருக்கோ வேறு சந்தேகம்.

“எவ்வளவு குடிப்பீங்க?” என்று பிரகாஷைக் கேட்டார்.

“குடிக்க மாட்டேன் சார்.”

“ஒரு நாளைக்கு?”

“ஒரு நாளும் குடிக்க மாட்டேன் சார்.”

“சரி, விசேஷத்துக்கு?”

நான் நடுவில் புகுந்தேன். “சாமி சத்தியமா குடிக்க மாட்டான் சார். அதச் சொல்லித்தான் பொண்ணே பேசிகீறேன்.”

டாக்டர் சிரித்துவிட்டு, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்றார். தனம் பையைத் துழாவி ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். வீசிங் மாத்திரை. எங்கள் பக்கத்துக் காற்றுக்கு வீசிங் இல்லாத வீடு எது? கரன்ட் கம்பெனிச் சாம்பல் பறக்கிற நாளில் துணி காயப்போட முடியாது, மூச்சை மட்டும் எங்கே கொண்டுபோய்க் காயப்போடுவது? பிரகாஷ் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, வருஷக்கணக்காக அதைப் போட்டுக்கொண்டிருந்தான். போட்டால் உடனே நெஞ்சு லேசாகிவிடும். நல்ல மாத்திரை என்று நாலு பேருக்குச் சிபாரிசு வேறு செய்திருக்கிறான்.

“இது ஸ்டீராய்டு. டாக்டரைக் கேக்காம இப்படித் தொடர்ந்து போடக் கூடாது. காரணம் இதுவா இருக்கலாம். சில பேருக்குக் காரணமே தெரியாமலும் வரும்” என்றார். உடனே நிறுத்தவும் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக்கு மாற்றினார்கள்.

ஆக, தெருவிலேயே குடிக்காத ஒரே பையனுக்குக் குடிகாரர்களுக்கு வருகிற வியாதி. மூச்சுக்குத் தின்ற மாத்திரைக்குத் தொடை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

“மூட்ட மாத்திடுங்களேன் சார்” என்றேன். என் சிநேகிதி ஒருத்தி மாற்றிக்கொண்டு, என்னைவிட வேகமாக மார்க்கெட்டுக்குப் போகிறாள்.

“உங்க வயசுன்னா யோசிக்காம மாத்திடலாம் பாட்டி. இவர் சின்ன வயசு. மாத்தற மூட்டு நாளடைவில தேயும். மறுபடி மாத்தணும். அதனால முடிஞ்ச வரைக்கும் சொந்த எலும்பைக் காப்பாத்தப் பார்ப்போம். பந்து இன்னும் உருண்டையா இருக்கு. இப்பவே பக்கவாட்டில ஒரு ஓட்டை போட்டா உள்ள இருக்கிற அழுத்தம் குறையும், புது ரத்தம் வர வழி கிடைக்கும். இடுப்பெலும்பிலேர்ந்து கொஞ்சம் மஜ்ஜையும் எடுத்து அதில வைப்போம். ஆனா பந்து நசுங்கிடுச்சுன்னா இது பலிக்காது. தள்ளிப் போடாதீங்க.”

என் எலும்பைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். போகட்டும். பாட்டி என்றதைத்தான் மன்னிக்கவில்லை.

ஆபரேஷன் வரைக்கும் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று இரண்டு ஊன்றுகோல் கொடுத்தார்கள். வினையே அங்கேதான் ஆரம்பம். வலி உள்ளே இருந்தவரைக்கும் அது எங்கள் வீட்டு விஷயம். ஊன்றுகோல் தெருவுக்கு வந்ததும் அது தெரு விஷயம் ஆகிவிட்டது.

மறுநாள் தண்ணி லாரி அருகே, குடத்தோடு நின்ற தனத்தைக் கேட்டுவிட்டார்கள்.

“இன்னா தனம், புள்ள கோல் வெச்சிகினு நடக்குது?”

தனம் என்ன சொல்வாள்? எலும்பு தானாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்றா? சொன்னால் முதலில் குடி என்பார்கள். இல்லை என்றால் பரம்பரை வியாதி என்பார்கள். அதுவும் இல்லை என்றால், வாயால் சொல்லாமல் கண்ணால் பேசிக்கொள்வார்கள், அது இன்னும் மோசம். சாயங்காலத்துக்குள் எர்ணாவூருக்குப் போய்விடும்.

“பைக்கு” என்றாள் தனம். ஒரே வார்த்தை.

எங்கள் பக்கத்தில் பைக் ஆக்சிடெண்ட் என்பது மரியாதையான விஷயம். யாருக்கும் வரலாம். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ‘ஐயோ பாவம்’ என்பார்கள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வருவார்கள். தனம் அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

அந்த ஒரு வார்த்தை தெருமுனைக்குப் போவதற்குள் வளர்ந்துவிட்டது. “டோல்கேட்டாண்டயாமே” என்றார் ஒருவர். “கண்டெய்னராமே” என்றார் அடுத்தவர். “இட்ச்சிட்டு நிக்காம பூட்டானாம்.” “நீல கலர் லாரியாம்.” தனம் எதையும் சொல்லவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. பேசாமல் தலையை ஆட்டினாள். வாரக் கடைசியில் லாரி நம்பரில் பாதி வரைக்கும் வந்துவிட்டது. இழப்பீட்டு கேஸ் போட்டுத் தருவதாக ஒரு ஆள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

“சம்மந்திக்காச்சும் உண்மைய சொல்லிடலாம் தனம்” என்றேன்.

“ஆபரேஷன் ஆவட்டும் அண்ணி. அப்பால சொல்லிக்கலாம். இப்ப சொன்னா பொண்ண குடுப்பாங்களா? அந்த சம்பந்தத்த பேசுனதே நீங்கதான். உங்களுக்குத்தான் அசிங்கம்.”

எங்கே அடித்தால் என் வாய் மூடும் என்று அவளுக்குத் தெரியும்.

வேலாயுதம் ஆப்பிள் பையோடு வந்தார். ஆப்பிளைக் கீழே வைக்கவே இல்லை, கையில் வைத்துக்கொண்டே பேசினார். “இதெல்லாம் இப்டியே வுட முடியாது யக்கா. நேத்து எவனோ, இன்னிக்கு மாப்ள, நாளைக்கு யாரு?” ரிட்டயர் ஆனதிலிருந்து எதிர்த்துப் பேச ஒரு நிர்வாகம் இல்லாமல் வாடிப்போயிருந்தவர் அவர். அன்றைக்கு முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. பிரகாஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னோமா? சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் நாள் கொடுத்தார்கள். கடைசியாக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், “ஓரம் பலவீனமாயிட்டு வருது. இதை விட்டா சொல்ல முடியாது” என்றார். நர்ஸம்மா இன்னும் தெளிவாகச் சொன்னார். “காலைல பத்துக்குள்ள வந்து பெட்ல படுத்துடணும். வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம். அப்புறம் எப்பன்னு என்னைக் கேக்கக் கூடாது.”

அன்றைக்குக் காலையில் ஆட்டோ வைத்துக்கொண்டு கிளம்பினோம். பிரகாஷ், தனம், நான். தேரடி வரைக்கும் காற்றாகப் போன ஆட்டோ, டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கத்தில் லாரி. லாரி டிரைவர்கள் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இது சீக்கிரம் முடியாது என்று அதிலேயே தெரிந்தது.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “மறியலும்மா. எவனோ ஒரு பையன லாரி இட்ச்சிட்டுப் பூட்சாம். கல்யாணப் பையனாம், பாவம்.”

தனம் ஊன்றுகோல்களை முந்தானையால் மூடினாள்.

“தோ, பேனர் கட்டிகீறாங்க பாருங்க” என்று கையைக் காட்டினார். பேனரைப் பார்த்தார். பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி, “தம்பி... இது நீதானே?” என்றார்.

பேனரில் பிரகாஷ் நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட கூலிங் கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தான். ‘கண்டெய்னர் அரக்கனே, எங்கள் தோஸ்துக்கு நீதி சொல்’ என்று பெரிய எழுத்து. நானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன் என்றால் எவ்வளவு பெரிய எழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரியாவில் பையனின் முகம் இத்தனை பெரிய பேனரில் வருவது பிறந்தநாளுக்கு, இல்லையென்றால் சாவுக்கு. தனம், பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதை மறந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

மறியலுக்கு நாள் குறித்ததும் அவர்கள் கணக்கில் சரிதான். பையன் ஆபரேஷனுக்குப் போகிற அன்றைக்கு உட்கார்ந்தால்தான் அதிகாரிகள் பதறுவார்களாம். எல்லாம் அவன் மேல் இருக்கிற பாசம். அவனுக்காக உட்கார்ந்தவர்கள் அவன் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“திரும்பிப் பூடலாம் அண்ணி” என்றாள் தனம். “நாளைக்கு வரலாம். சம்மந்தி அங்கதான் குந்திகினு கீறாரு. அவரு எதிர்ல எப்டி...”

“நாளைக்கு உனக்கு எவன் பெட்ட புட்ச்சி வெச்சிகினு கீறான்?”

“கல்யாணம் நின்னுடும் அண்ணி.”

“கல்யாணம் நின்னா வேற பேசலாம். அவன் எலும்புக்கு வேற எவன் கிட்ட போய் பேசுவ?”

இதற்குள் பிரகாஷ் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்றால், என் ஓட்டம்.

அவனைப் பார்த்ததும் விசில் பறந்தது. பேனர் அடித்த அவன் சிநேகிதன் மணி, மைக்கில் கத்தினான். “தோ, அடிபட்ட காலோட நம்ம தோஸ்து நேர்லயே வந்துகீறாரு.” கைதட்டல். பிரகாஷ் மைக்கை வாங்கினான்.

“என்ன லாரி எதுவும் இடிக்கல” என்றான்.

மணி அவன் தோளில் கை போட்டான்.

“மாமு, எவனாச்சும் மெரட்னானா? பேர சொல்லு” என்றான் மணி.

“துட்டு குட்த்து வாய அடச்சிட்டானுங்க” என்றாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா.

“யாரும் மெரட்டல. எலும்புல ரத்தம் ஓடல. அது தானா செத்துகினு கீது. அதுக்குத்தான் ஆபரேஷன். வழி வுடுங்க.”

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், “தலயிலயும் அடி போல கீது, பாவம்” என்றாள்.

சாலை ஓரத்தில் தவித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாதிக்கப்பட்டவரே சொல்லிட்டாரில்ல? எழுந்திருங்க” என்றார். அவ்வளவுதான். போலீசே சொல்லிவிட்டதால் அது பொய்தான் என்று முடிவாகிவிட்டது. கோஷம் இரண்டு மடங்கு ஆனது.

உண்மையைச் சொன்னால் வழி கிடைக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ... டோல்கேட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நான் நேராக வேலாயுதத்திடம் போனேன். வெள்ளைச் சட்டை, மழமழவென்று ஷேவ் செய்த முகம், நடுச்சாலையில் சம்மணம் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏலம் கூவிய தொண்டைக்கு மெதுவாகப் பேச வராது. அன்றைக்கு வந்தது.

“சம்மந்தி, அவன் சொல்றது நெசம். லாரி இல்ல, எலும்புல வியாதி. பத்துக்குள்ள பெட்டாண்ட போவணும். இல்லனா அவன் எலும்பு அவனுக்கு இல்ல, அப்பால இரும்பு வெச்சிகினுதான் நடக்கணும். உங்களாண்ட மறைச்சோம். பொண்ண குடுக்க வேணாம்னா குடுக்காதீங்க. வழிய மட்டும் குடுங்க.”

அவர் என்னைப் பார்க்காமல் பிரகாஷைப் பார்த்தார். “குடியா?” என்றார்.

“இல்ல மாமா. வீசிங்குக்கு நானா வாங்கி மாத்திர போட்டேன். உங்களாண்ட நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்.”

வேலாயுதம் எழுந்து நின்றார். எதிரே கூட்டம். ஒரு பக்கம் போலீஸ். இன்னொரு பக்கம் செல்போனில் படம் பிடிக்கிறவர்கள். ‘லாரி இல்லையாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்’ என்று அந்த மனிதர் எந்த வாயால் சொல்வார்? அவரும் என்னைப் போலத்தான். பெருமையை இறக்கி வைக்க இடம் தேடுகிற ஆள். கொஞ்ச நேரம் ஊன்றுகோலையே பார்த்தார். சம்பந்தம் போய்விட்டது என்று அப்போதே மனசில் எழுதி வைத்துவிட்டேன். வழியாவது கிடைக்குமா?

மைக்கை வாங்கினார். தொண்டையைக் கனைத்தார்.

“தோழர்களே... நம்ம போராட்டம் தொடரும். ஆனா, பாதிக்கப்பட்டவரு வைத்தியத்துக்குப் போவணும். வழி விடு, வழி விடு, பாதிக்கப்பட்ட தோழருக்கு வழி விடு.”

வழி விடு, வழி விடு என்று கூட்டம் திருப்பிச் சொல்லிக்கொண்டே இரண்டாகப் பிரிந்தது. பஸ்ஸைப் பின்னுக்குத் தள்ள வைத்தார்கள். ஆட்டோவைக் கையாலேயே தூக்கித் திருப்பினார்கள். மணி பைக்கில் ஹார்ன் அடித்துக்கொண்டு முன்னால் போனான். இல்லாத லாரியை எதிர்த்துக் கோஷம் போட்டபடி ஊரே வழியனுப்பியது. உண்மைக்கு மூடியிருந்த சாலை, பொய்க்குத் திறந்தது. நான் குறை சொல்லவில்லை. எனக்குச் சாலைதான் வேண்டியிருந்தது.

ஆட்டோ நகரும்போது வேலாயுதம் உள்ளே தலையை நீட்டி, “மத்தத அப்பால பேசிக்கலாம் யக்கா” என்றார். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெட் கிடைத்தது. “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன்” என்றார் நர்ஸம்மா. மறுநாள் ஆபரேஷன். தொடை ஓரத்தில் சின்னத் தழும்புதான். அதன் வழியாகவா அத்தனை பெரிய காரியம் நடந்தது என்று தோன்றும். வாரக்கணக்கில் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி குறைந்ததும் நடந்து பார்ப்பதுதான் இந்த வயசுப் பையன்கள் செய்கிற முதல் முட்டாள்தனமாம். பிரகாஷ் நடக்கவில்லை. நடக்க மனசும் இல்லை. எர்ணாவூரிலிருந்து யாரும் வரவில்லையே.

தனம் ஒரு கண்ணால் பிள்ளையைப் பார்த்து அழுவாள், இன்னொரு கண்ணால் என்னை முறைப்பாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா வந்தாள். தனியாக. ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு பிரகாஷ் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனம் பழக்கதோஷத்தில், “அந்த லாரிக்காரன்...” என்று ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும் அத்தே. ஸ்கேன் எடுத்த அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு.”

யாருக்குத் தெரியக் கூடாது என்று தண்ணி லாரியிலிருந்து டோல்கேட் வரைக்கும் பொய்யை வளர்த்தோமோ, அவளுக்கு எங்களுக்குத் தெரிந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைக் காதிலிருந்து எடுப்பதே இல்லை என்று திட்டுகிறோமே, இதற்கும்தான் எடுப்பதில்லை.

“நான்தான் கல்யாணத்த தள்ளி வெச்சிக்கலாம், மொதல்ல ஆபரேஷன் பண்ணிக்கன்னு சொன்னேன்” என்றாள்.

“அப்போ உங்கப்பன ரோட்ல குந்த வெச்சியே, அது இன்னா கணக்கு?” என்றேன்.

“வெளிய சொன்னா அம்மா வருத்தப்படுவாங்கன்னு இவரு சொன்னாரு. நானும் சும்மா இருந்துட்டேன். அன்னிக்கு அப்பா சட்டய இஸ்திரி போட்டு, விடிகாலையில ஷேவ் பண்ணிகினு, பாட்டு பாடிகினு கெளம்புனாரு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து அவர அப்டி நான் பாக்கல. ஆனா அத்தே, அது உங்க வழியிலயேன்னு எனக்கு சத்தியமா தெரியாது.”

“இப்ப இன்னா சொல்றாரு?” என்றாள் தனம்.

“பொய் சொன்னதுக்குத்தான் கோவம். எலும்பு மேல கோவம் இல்ல. டாக்டர நேரா பாத்துப் பேசணும்னாரு.”

பார்த்தார். நானும் கூடப் போனேன். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆபரேஷன் நன்றாக நடந்திருக்கிறது. பல பேருக்கு எலும்பு தப்பித்துவிடும். சில பேருக்கு இத்தனை செய்தும் நசுங்கிவிடும். அப்போது மூட்டு மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாதக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“கேரண்டி இல்லன்றீங்க” என்றார் வேலாயுதம்.

“இல்லை சார்.”

“நான் பேசுன எந்த பேச்சுவார்த்தையிலயும் கேரண்டி குட்த்ததே இல்ல” என்று எழுந்தார். வெளியே வந்து என்னிடம், “பையன் கால ஊனட்டும் யக்கா. அப்பால நாள் பாக்கலாம்” என்றார். மகளைக் கேட்காமல் இவர் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் முடிவு செய்த மாதிரி சொன்னார், நான் நன்றி சொன்ன மாதிரி தலையை ஆட்டினேன்.

போன வாரம் எடுத்த படத்தில் பந்து உருண்டையாகத்தான் இருக்கிறதாம். மெதுவாகக் காலை ஊன்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெயித்தாச்சு என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. கப்பல் ஏறுகிற வேலை இனி வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆபரேஷனுக்கு அழாத பிரகாஷ் அதற்கு அழுதான்.

அதே வாரம்தான் டோல்கேட்டில் தடுப்பும் வந்தது. வேலாயுதம் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். நிஜமாகவே லாரி இடித்துப் போனவர்களுக்காகக் கேட்டபோது வராத தடுப்பு, லாரி தொடாத பையனுக்காக வந்திருக்கிறது. இதற்கு நான் சிரிப்பதா, வேறு ஏதாவது செய்வதா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நேற்று மணி வந்தான். கூடவே அவன் அம்மா. வாசற்படி ஏறும்போதே பார்த்தேன், வலது காலைத் தாங்கினான்.

“தொடை இடுக்குல வலிக்குது அத்தே. நானும் அந்த மாத்திரதான் போட்டுகினு இருந்தேன். பிரகாஷ்தான் சொன்னான், நல்லா கேக்கும்னு.”

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். மணியின் அம்மா அவன் வெளியே போகும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு என் கிட்டே வந்து, குரலை இறக்கி, “தெருவுல யாராச்சும் கேட்டா இன்னா சொல்றது யக்கா?” என்றாள்.

“எலும்புன்னு சொல்லு.”

“யாரு நம்புவாங்க?”

“யாரும் நம்ப வேணாம். டாக்டரு நம்புனா போதும்.”